வண்டியின் உயரம் மேப்புக்குத் தெரியாது

வழித்துணை: வாசகர் கேள்வி பதில்

பதில் தருபவர் 31 ஆண்டுகள் நெல்லையில் சுற்றுலா வேன் ஓட்டியவர். நான்கு ஆண்டுகளாகப் படுக்கையும் அடுப்பும் வைத்த சொந்த வேனில் மனைவியோடு ஊர் ஊராகப் போய்வருகிறார். இருப்பிடம் பாளையங்கோட்டை.

நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, சமையல் மேடை, மேலே சோலார் தகடு எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றி, ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் முறைப்படி பதிந்துவிட்டோம். பொங்கல் கழிந்ததும் கேரளம் வழியாகக் கோவா வரை போய்வர ஆசை. வெளிநாட்டில் இருக்கும் மகன், கேரவனுக்கென்றே விற்கும் ஜி.பி.எஸ். கருவியை வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். வண்டியின் உயரம், எடை எல்லாம் கொடுத்தால் அதற்குத் தகுந்த ரோட்டைக் காட்டுமாம். என் கணவர் போனே போதும் என்கிறார். எதை வாங்குவது?
– ஆசிரியை, அம்பாசமுத்திரம்

டீச்சர், உங்கள் மகன் சொல்வது சரிதான். கார்மின் மாதிரி கம்பெனிகள் கேரவனுக்கென்றே கருவி விற்கின்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது அருமையான பொருள். அங்கே எந்தப் பாலத்துக்குக் கீழே எத்தனை மீட்டர் இடம், எந்த ரோட்டில் எத்தனை டன் போகலாம் என்பதெல்லாம் வரைபடத்திலேயே ஏறியிருக்கிறது. கருவி செய்வது, அந்த எண்ணையும் நீங்கள் கொடுத்த எண்ணையும் வைத்து ஒப்பிடுவது மட்டும்தான். நம் பக்கத்து ரோடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த எண் வரைபடத்தில் இல்லை. இல்லாத எண்ணை எதோடு ஒப்பிடும்? தடை ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டு உங்களை நேராக உள்ளே அனுப்பிவிடும். காசு கொடுத்து வாங்கிய கருவி சொல்கிறதே என்று நாமும் நம்பிப் போவோம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்குநேரிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். நாலுவழிச் சாலையிலிருந்து இறங்கி உள்ரோட்டில் போகச் சொன்னது போன். இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் தண்டவாளத்துக்குக் கீழே சுரங்கப்பாதை. முன்னால் மஞ்சள், கறுப்புப் பட்டை அடித்த இரும்புச் சட்டத்தில் 2.7 மீ என்று எழுதியிருந்தது. வண்டியோடு வந்த புத்தகத்தில் என் வேனின் உயரம் அதைவிடக் குறைவு. அந்த நினைப்பில் மெதுவாக விட்டேன். பின்னால் நானே கூரையில் ஏற்றிய சோலார் தகடு கணக்கில் வரவில்லை. சட்டத்தில் மோதித் தகட்டின் ஃபிரேம் வளைந்துபோனது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஓடிவந்தார். "இம்புட்டுப் பெரிய வண்டியக் கொண்டு இதுக்குள்ள ஏன் வாறிய? மேலப் பாதையில ரயில்வே கேட்டு இருக்குல்லா, அதுல போங்க" என்றார். ரிவர்ஸ் எடுக்கவும் அவரேதான் பின்னால் நின்று கை காட்டினார்.

ஆகவே முதல் வேலை, ஒரு டேப்பை எடுத்து வண்டியை அளப்பது. மட்டமான தரையில் நிறுத்துங்கள், டயரில் சரியான காற்று இருக்கட்டும். தண்ணீர் டேங்க் காலியாக, யாரும் ஏறாமல் இருக்கும்போது அளக்க வேண்டும். பாரம் இல்லாதபோதுதான் வண்டி மிக உயரமாக நிற்கும். கூரையில் எது எல்லாவற்றையும்விட மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அதன் மேல் ஒரு நேர்க்கம்பை வைத்து அங்கிருந்து தரை வரை அளவெடுங்கள். அதோடு 15 செ.மீ. கூட்டி, மீட்டரிலும் அடியிலும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, ஸ்டீயரிங்குக்கு நேரே ஒட்டிவிடுங்கள். கண்ணாடிகள் விரிந்த நிலையில் அகலத்தையும் எழுதுங்கள். கருவிக்கு எடுத்துவைத்த காசில் இதற்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. என் கணக்கில் இதுதான் உங்கள் வழிகாட்டும் ஏற்பாட்டின் முதல் உறுப்பு.

அடுத்தது, போன். உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. ஒன்று போதாது, இரண்டு வேண்டும். புதிதாக வாங்கவேண்டிய அவசியமில்லை. வீட்டில் அலமாரிக்குள் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன், பேட்டரி உப்பாமல் இருந்தால், அதில் சிம் இல்லாவிட்டாலும் செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும். அதை வண்டிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டு வைஃபையில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், கோவா வரைபடங்களை அதற்குள் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஓஎஸ்எம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் என்ற இரண்டும் நெட் இல்லாமலே முழுசாக வேலை செய்யும். இரண்டும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து வரைபடம் எடுப்பவை. 2004இல் பிரிட்டனில் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொது வரைபடம் அது. ஓஎஸ்எம்ஆண்டில் வண்டியின் உயரம், அகலம், எடை கொடுக்கவும் இடமிருக்கிறது. உங்கள் மகன் சொல்லும் வசதி அதிலேயே உண்டு, நான் சொன்ன அதே குறையோடு.

அந்தக் குறையைக் குறைக்க நம்மாலும் முடியும். நானும் என் பேத்தியும் போகிற இடத்திலெல்லாம் சுரங்கப்பாதைச் சட்டத்தில் எழுதியிருக்கும் உயரத்தைப் படம் எடுத்துவந்து, வீட்டில் உட்கார்ந்து அந்தப் பொது வரைபடத்தில் ஏற்றுகிறோம். இதுவரை 23 இடம் ஏற்றியிருக்கிறோம். நீங்களும் ஏற்றுங்கள், டீச்சர். அடுத்து வரும் வண்டிக்காரருக்கு அந்த எண் கிடைக்கும்.

இரண்டாவது போன், சிம் உள்ள உங்கள் சொந்தப் போன். அதில் கூகுள் மேப் இருக்கட்டும், குரலைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எங்கே நெரிசல் என்று சொல்வதில் அது கெட்டி. அதிலும் வரைபடத்தைச் சேமித்து வைக்கலாம். ஆனால் நெட் போனதும் நெரிசலும் மாற்றுவழியும் காட்டாது. சேமித்தது நாளாவட்டத்தில் காலாவதியாகும் என்பதால் கிளம்பும் முன் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். மேப்பிள்ஸ் என்ற நம் நாட்டுச் செயலி வேகத்தடை வருவதை முன்கூட்டியே சொல்கிறது. அலமாரியில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

ஓட்டுகிறவர் போனைத் தொடக்கூடாது. 2020இல் திருத்திய விதி, வழி பார்ப்பதற்காக மட்டும், கவனம் சிதறாத முறையில் கைப்பேசியைப் பயன்படுத்தலாம் என்கிறது. என் வண்டியில் அதற்கும் இடமில்லை. இரண்டு போனும் என் வீட்டுக்காரியின் பொறுப்பு. "அடுத்த இடது, இன்னும் அரைக் கிலோமீட்டர்" என்று அவள் சொல்வாள், நான் திருப்புவேன். இருவரும் ஓட்டத் தெரிந்தவர்கள் என்றால் மாறி மாறிச் செய்யுங்கள்.

எங்கே மாட்டுவது? நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கண்ணாடியில் ஒட்டிய போன் அரைமணி நேரத்தில் கொதித்து, முதலில் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும், பிறகு தானே அணைந்துவிடும். ஏசி காற்று வரும் வாயில் மாட்டுகிற ஹோல்டர் வாங்குங்கள். அங்கிருந்தும் முன்கண்ணாடி வழியாக வானம் தெரியும். பின்னால் படுக்கைப் பக்கம் வைத்தால் தகரக் கூரை சிக்னலை மறைத்துவிடும்.

சார்ஜருக்கு மின்சாரம் நேராக 12 வோல்ட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து வரட்டும். இன்வெர்ட்டரைப் போட்டு 230 வோல்ட்டாக்கி, அதில் வீட்டுச் சார்ஜரைச் சொருகினால் பேட்டரியில் ஒரு பங்கு சும்மா சூடாகிப் போகும். புதிதாக சாக்கெட் வைப்பதாக இருந்தால் சாவி போட்டால் மட்டும் வேலை செய்கிற மாதிரி, ஃபியூஸோடு வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, மலிவான டேஷ்கேமரா பக்கத்தில் இருந்தால் அதன் மின் இரைச்சல் ஜி.பி.எஸ். சிக்னலைக் கெடுக்கும். போன் காரணமில்லாமல் இடம் தெரியாமல் தவித்தால் முதலில் கேமராவின் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு மாசம் ஆயிற்று.

இனி ரூட். மேப் எப்போதும் நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கும். நாலு நிமிஷத்துக்காக வாய்க்கால் கரையில் இறக்கிவிடும். அந்தக் காலத்தில் எங்களுக்கு மூத்த டிரைவர்கள் சொல்லிக்கொடுத்தது: "பஸ் போற பாதையில போ." பெரிய அரசு பஸ் உங்கள் வேனைவிட உயரம், அகலம், நீளம் எல்லாவற்றிலும் கூடுதல். பஸ் போகுமென்றால் நீங்களும் போகலாம். மினி பஸ் மட்டும் போகிற ரோடு என்றால் யோசிக்க வேண்டும். ஆகவே சேருமிடத்தை மட்டும் கொடுத்து விட்டுவிடாதீர்கள். நடுவில் பஸ் ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். உங்களுக்கு அம்பையிலிருந்து தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர், கொல்லம், அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை 66ஐப் பிடித்து வடக்கே. அந்த 66, கன்னியாகுமரியிலிருந்து கோவாவைத் தாண்டி மும்பைக்கு அருகே பன்வெல் வரை போகிற கடற்கரைச் சாலை. கேரளத்தில் அதை அகலப்படுத்தும் வேலை நடக்கிற இடங்களில் மேப் காட்டுவதைவிட, ரோட்டில் வைத்திருக்கும் பலகையை நம்புங்கள். புளியரை ஏற்றத்தில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். விடிகாலையில் ஏறிவிடுங்கள்.

காட்டுப் பாதைகளின் நேரக் கட்டுப்பாட்டை மேப்பை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். திரும்பும்போது மைசூர் வழியாக வந்தால், பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடிக் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். நம் முண்டந்துறை, மணிமுத்தாறு சோதனைச் சாவடிகளுக்கும் தனி நேரம் உண்டு. மஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி வேண்டும். இவற்றைப் போன் செய்து கேட்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாநில ரோடு மேப்பும் டேஷ்போர்டில் கிடக்கட்டும்.

மகனிடம், அந்தக் காசில் வண்டிக்கு நல்ல ரிவர்ஸ் கேமராவும் புது டயரும் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

டவரே இல்லாத இடத்தில் போன் எப்படி வழி காட்டும்? இந்தியாவின் நாவிக் என்கிறார்களே, அதற்கும் எங்கள் ஊர்ப் பக்கத்து மகேந்திரகிரிக்கும் சம்பந்தம் உண்டா?
– கல்லூரி மாணவர், வள்ளியூர்

தம்பி, ரேடியோ கேட்பதற்கு நெட் வேண்டுமா? அதே கதைதான். செயற்கைக்கோள் பேசுகிறது, போன் கேட்கிறது. போன் திரும்ப எதையும் அனுப்புவதில்லை. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டு, "இப்போது மணி இத்தனை, நான் இந்த இடத்தில் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சேதி வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துப் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். கோளில் அணுக் கடிகாரம் வைப்பது அதனால்தான். நம் போனில் அப்படிப்பட்ட கடிகாரம் இல்லாததால் மூன்று கோள் போதாமல் நான்கு வேண்டும், நான்காவது நேரத்தைச் சரிபார்க்க. நெட் எதற்கு என்றால் வரைபடப் படம் வருவதற்கும், நெரிசல் தெரிவதற்கும், போனைப் போட்டவுடன் சீக்கிரம் இடம் பிடிப்பதற்கும். வரைபடத்தை முன்பே இறக்கிவைத்தால் மலைக்குள்ளும் அம்புக்குறி நகரும். முதல் தடவை இடம் பிடிக்கச் சில நிமிஷம் ஆகலாம், பொறுத்திருக்க வேண்டும்.

திறந்த வெளியில் போன் சுமார் 5 மீட்டர் சுத்தமாகச் சொல்லும். நாலுவழிச் சாலையில் போகிறாயா, சர்வீஸ் ரோட்டில் போகிறாயா என்று அது தடுமாறுவது இந்த 5 மீட்டரால்தான். உயரத்தில் பிசகு இன்னும் கூடுதல். கோள்களெல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. நெல்லை ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று அது குழம்பினால் கோபப்படாதே.

நாவிக் என்பது ஜி.பி.எஸ். மாதிரியே வழி காட்டும் கோள்களின் கூட்டம், நம் இஸ்ரோவுடையது. முதல் கோள் 2013 ஜூலையில் ஏறியது. ஏழு கோள்கள் என்பது திட்டம், இந்தியாவையும் சுற்றி 1,500 கி.மீ.யையும் அடக்கும். முதல் வரிசைக் கோள்கள் சிலவற்றில் அணுக் கடிகாரங்கள் பழுதாகிவிட்டதால் அடுத்த தலைமுறைக் கோள்களை அனுப்புகிறார்கள். அதில் முதலாவதான என்.வி.எஸ்.-01, 2023 மே 29 அன்று ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் போனது. அந்த ராக்கெட்டின் உச்சி அடுக்கு கிரையோஜெனிக் எஞ்சினில் ஓடுவது. அந்த வகை எஞ்சின்களை நிறுத்திவைத்துச் சோதிக்கும் இடம்தான் உங்கள் மகேந்திரகிரி. பணகுடியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். வழி காட்டும் நட்சத்திரத்தை ஏற்றிவிடுகிற வேலையில் ஒரு பங்கு நம் மேற்கு மலையடியில் நடக்கிறது.

போன் வாங்கும்போது நாவிக் உண்டா, கோள்கள் பேசுகிற அலைவரிசைகளில் ஒன்றான எல்5 உண்டா என்று பார். எல்லா நாட்டுக் கோள்களையும் கலந்து வாங்கும் போன், மலையோரத்திலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் குறைவாகத் தடுமாறும்.

ஏர்வாடிக்கு என்று போட்டு, சென்னையிலிருந்து வந்த உறவினர்கள் ராமநாதபுரம் பக்கம் போய்விட்டார்கள். இதற்கு என்ன வழி?
– குடும்பத் தலைவி, ஏர்வாடி, நெல்லை மாவட்டம்

அம்மா, இது உங்கள் ஊருக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை. தென்காசிக்குப் போகிற வழியில் ஓர் ஆலங்குளம், விருதுநகர் மாவட்டத்தில் சிமென்ட் ஆலை உள்ள ஓர் ஆலங்குளம். தூத்துக்குடி ரோட்டில் ஒரு புதுக்கோட்டை, திருச்சிக்குத் தெற்கே மாவட்டமாகவே ஒரு புதுக்கோட்டை. ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு எழுத்து வேறு.

பெயருக்குப் பதில் எண் அனுப்புங்கள். மேப்பில் உங்கள் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண் வரும். முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டருக்குள் வந்துவிடுவார்கள், அதாவது உங்கள் வீட்டு வாசல். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிப்போகும். எண்ணை அப்படியே வாட்ஸாப்பில் அனுப்புங்கள், போனில் வாசித்துச் சொன்னால் தவறிவிடும்.

இதில் இன்னொரு நன்மை உண்டு. நம் நெல்லைச் சீமையில் பெரும்பாலான ஊர்களுக்கு அந்த எண்கள் 8, 77 என்று தொடங்கும். உங்கள் ஏர்வாடியும் அப்படித்தான். தர்கா இருக்கும் ஏர்வாடிக்கு 9, 78. வண்டியைக் கிளப்புமுன் அந்த முதல் எண்ணைப் பார்த்தாலே எந்த ஏர்வாடி என்று தெரிந்துவிடும்.

மலைக்குள் டவர் கிடைப்பதில்லை. துபாயில் இருக்கும் தம்பியிடம் சொல்லி ஒரு சாட்டிலைட் போன் வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், திசையன்விளை

வேண்டாம், அண்ணாச்சி. தயவுசெய்து வேண்டாம். ஜி.பி.எஸ். கேட்கிற கருவி, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சாட்டிலைட் போன் பேசுகிற கருவி. அரசு அனுமதி இல்லாமல் அதை நம் நாட்டுக்குள் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் குற்றம். மலையேறுகிறவர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்ளும், செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் சின்னக் கருவிக்கும் இதே சட்டம்தான். விவரம் தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுக்காரர்கள் விமான நிலையத்தில் பிடிபட்ட செய்திகள் வந்திருக்கின்றன. அம்பை டீச்சரின் மகனும் இதைக் கவனிக்கட்டும். முறையான அனுமதியோடு பி.எஸ்.என்.எல். தருகிற சேவை ஒன்று உண்டு, அது நம்மைப் போன்ற பயணிகளுக்குச் சரிப்படாது.

அதற்குப் பதில் இரண்டு காரியம் செய்யுங்கள். இரண்டு போனிலும் வெவ்வேறு கம்பெனி சிம் போடுங்கள். மலை ஏறுமுன் கடைசி டவர் கிடைக்கும் இடத்தில் நின்று, எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்பக் கூப்பிடுவோம் என்று வீட்டுக்குச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 112. உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் அருகில் இருந்தால் அந்த எண்ணுக்குப் போகும்.

மழைக்காலத்தில் மேப்பை எந்த அளவு நம்பலாம்?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. உங்கள் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் பக்கம் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே தண்ணீருக்குள் இருந்தது. அன்று காலையில் நான் போனைத் திறந்து பார்த்தேன். ஆற்றோரத்து ரோடுகளில் நெரிசல் இல்லை என்றே காட்டியது. அந்த நிறம் ரோட்டில் நகர்கிற போன்களை வைத்து வருவது. யாருமே போகாத ரோட்டில் நெரிசல் எப்படித் தெரியும்?

ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தால் சின்னக் கார் மிதக்கத் தொடங்கும், இரண்டடி இருந்தால் வேனையும் தள்ளிவிடும். தரைப்பாலத்துக்கு முந்தின ஊரிலேயே நிறுத்துங்கள். அங்கே கடையில் கேளுங்கள், எதிர்ப்பக்கமிருந்து பஸ் வருகிறதா என்று பாருங்கள். அரைமணி நேரம் வண்டி ஒன்றும் வரவில்லை என்றால் அன்றைக்கு அந்தப் பக்கம் போகவேண்டாம். வாய்க்கால் கரை, குளத்துக் கரை இல்லாமல், மேட்டில் பள்ளிக்கூடமோ கோயிலோ இருந்தால் அங்கே கேட்டு நிறுத்திப் படுத்துக்கொள்ளுங்கள். படுக்கை உங்கள் வண்டியிலேயே இருக்கிறது.